இரண்டு ரௌத்திரி: செட்டிநாட்டு வீடொன்றில் கணக்கேட்டுப் படங்கள் அழிந்தது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்புலம்

காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில், முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் பழைய வீடு அது. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் எண்பது வயதை நெருங்கும் ஓர் ஆச்சி மட்டுமே. அவருடைய கணவர் வழி முன்னோருக்குக் கொழும்பிலும் பினாங்கிலும் லேவாதேவிக் கடைகள் இருந்தன. அக்கடைகளின் கணக்கேடுகள் ரௌத்திரி முதல் பவ வரையிலான பதினைந்து தமிழ் ஆண்டுகளுக்கு, அதாவது 1920 சித்திரை முதல் 1935 பங்குனி வரை, பெரும்பாலும் முழுமையாக அந்த வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கின்றன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரன் இரண்டு மாத விடுப்பில் வந்தபோது அவற்றை ஸ்கேன் செய்யத் தொடங்கினார். கொழும்புக் கடை ஏடுகள் 6,300 பக்கங்களை அவரே முடித்துவிட்டு ஊர் திரும்பினார். பினாங்குக் கடை ஏடுகளை உள்ளூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொடர்ந்தார். கணினிப் பராமரிப்புத் தொழில் செய்யும் நான், படங்களைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன். ஆகவே இந்த ஆய்வில் என் பிழைகளும் இடம்பெறுகின்றன.

ஒவ்வொரு பக்கமும் ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், சுருக்கப்படாத டிஃப் (TIFF) என்ற வகைப் படக் கோப்பாகப் பதிவானது. 2,480 புள்ளி அகலம், 3,508 புள்ளி உயரம், புள்ளிக்கு 3 பைட் என்று கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 26 எம்பி வரும். பக்கம் முழுவதும் எழுத்து நிறைந்திருந்தாலும், ஓரத்தில் ஒரு சுழி மட்டுமே இருந்தாலும், சுருக்காத டிஃப் கோப்பின் அளவு மாறுவதில்லை. இந்தச் சிறு உண்மை பின்னால் நேர்ந்த தவறில் பெரும்பங்கு வகித்தது.

சேமிப்பு ஏற்பாடு

ஸ்கேனரும் விண்டோஸ் கணினியும் முகப்பில் இருந்தன. வலையமைப்பின் வழியே கோப்புகளைச் சேமிக்கும், இரண்டு டிஸ்க் கொண்ட நாஸ் (NAS) பெட்டி, ஈரமும் புழுதியும் குறைந்த இரண்டாம் கட்டு அறையில் இருந்தது. இடையிலுள்ள கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை ஒழுங்காக எட்டவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைக்க யாருக்கும் மனம் வராததால், வளவுத் தூண்களின் மேல்விளிம்பை ஒட்டியே கேபிள் இழுத்தோம்.

கணினியின் டிஸ்க் 256 ஜிபி மட்டுமே என்பதால் அங்கே படங்களை நெடுநாள் வைத்திருக்க முடியாது. எனவே தினமும் மாலை 7 மணிக்குப் புதிய படங்கள் நாஸ் பெட்டிக்கு நகலாகும்; மாதக் கடைசியில் கணினியைக் காலி செய்வோம். நாஸ் பெட்டிக்குள் இரு டிஸ்க்குகளும் ரெய்டு 1 முறையில் ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கின. இரவு 2 மணிக்கு, நாஸில் இருப்பது அப்படியே அதனுடன் இணைத்த யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் நிரலால் ஒத்திசைக்கப்பட்டது. அந்த ஒத்திசைவில் நீக்கமும் அடங்கும்: நாஸில் இல்லாத கோப்பு யூஎஸ்பி டிஸ்க்கிலும் இருக்கக் கூடாது என்று அமைத்திருந்தேன். அவ்வாறு செய்யாவிட்டால், பெயர் மாற்றிய ஒவ்வொரு கோப்பும் பழைய பெயரிலும் புதிய பெயரிலுமாக அங்கே சேர்ந்துகொண்டே போகும் என்பதே காரணம்.

இந்த ஏற்பாட்டை ஆச்சியிடம் விளக்கியபோது, "மூணு இடத்துல இருக்கு ஆச்சி, கவலைப்படாதீங்க" என்று சொன்னேன். ரெய்டின் இரு டிஸ்க்குகளையும் யூஎஸ்பி டிஸ்க்கையும் சேர்த்து எண்ணிய எண்ணிக்கை அது. அந்த வாக்கை நம்பித்தான் பேரன், சிங்கப்பூர் போனதும் தம்மிடமிருந்த மூல டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்கு அந்த ஆண்டின் தமிழ்ப் பெயர் என்பது வரிசை முறை. ஒரே ஆண்டில் இரு கடை ஏடுகளும் வரும் என்பதால், பேரன் ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்திருந்தார். ஆசிரியர் ஆண்டின் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால், நிரல் நாஸில் அதே பெயருள்ள ஃபோல்டரைத் தேடும். இருந்தால் கடைசிப் பக்க எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கி 0001 என்று தொடங்கும்.

நிகழ்ந்தது

ஆனி மாதக் கடைசியில் ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, நாஸில் சில ஃபோல்டர்கள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொன்னார். வந்து பார்ப்பதாகச் சொன்னேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் போகவில்லை.

அவர் தாமாகவே ஆராயத் தொடங்கினார். ரௌத்திரி, ருத்ரோத்காரி, குரோதன, பிரமோதூத, பிரசோற்பத்தி, ஸ்ரீமுக ஆகிய ஆறு ஆண்டுகளுக்கும் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. மற்ற ஒன்பது ஆண்டுகளுக்கு ஒவ்வொன்றே இருந்தது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பது அவர் அறிந்ததே. ஆகவே நாஸ் பெட்டியின் கோளாறால் நகல் இரட்டித்துவிட்டது என்று கருதினார். அப்படியும் அவசரப்படாமல் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் கோப்புகள் 0001, 0002 என்றே தொடங்கின. அளவிலும் கண்ணில் படும் வேறுபாடு இல்லை. இரு ரௌத்திரியிலும் முதல் படத்தைத் திறந்தார். இரண்டிலும் மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் சிவமயம், அதன் கீழ் ரௌத்திரி வருஷம் சித்திரை மாதம் என்ற வரி, பிறகு வெறுமை. எந்தக் கடை ஏட்டின் முதல் பக்கமும் அவ்வாறுதான் இருக்கும். கடையின் பெயர் வருவது இரண்டாம் பக்கத்தில். அவர் அதைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒவ்வொரு இணையிலும் பழைய தேதியுள்ள ஃபோல்டரை அவர் நீக்கினார். வலையமைப்பில் பகிரப்பட்ட ஃபோல்டரிலிருந்து விண்டோஸ் வழியே நீக்கும் கோப்பு கணினியின் மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதில்லை, அங்கேயே அழிந்துவிடும். நாஸ் பெட்டியில் தனியாக ஒரு தொட்டி வைக்கும் வசதி இருந்தும் நான் அதை இயக்கியிருக்கவில்லை. ரெய்டின் இரு டிஸ்க்குகளிலும் நீக்கம் ஒரே நொடியில் நடந்தது. எட்டு மணி நேரம் கழித்து, இரவு 2 மணிக்கு, யூஎஸ்பி டிஸ்க்கிலும் அது முறைப்படி நிறைவேறியது. ஏற்பாட்டில் எந்தப் பகுதியும் பழுதாகவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். எல்லாம் அமைத்தபடியே வேலை செய்தன.

கண்டறிந்த விதம்

ஒன்பது நாள் கழித்து, உலகப் பொருளாதார மந்தக் காலத்தை ஆராயும் மாணவர் ஒருவர் கொழும்புக் கடையின் பிரமோதூத ஆண்டு, அதாவது 1930–31, ஏட்டைக் கேட்டு வந்தார். ஃபோல்டரில் பினாங்குக் கடை மட்டுமே இருந்தது. அன்று பிற்பகல் ஆச்சியே தொலைபேசியில் அழைத்தார். "கொழும்புக் கணக்கக் காணலையாம் தம்பி, வாத்தியார் பேச்சே இல்லாம உக்காந்திருக்காரு" என்றார்.

வந்தவுடன் எடுத்த முடிவுகள்

முதலில் இரவு 2 மணி ஒத்திசைவை நிறுத்தினேன். பிறகு யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்தேன். ஸ்கேன் வேலையையும் நிறுத்தச் சொன்னேன். நீக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கில் உடனே மறைவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அதன்மேல் புதிய கோப்பு எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. ஒன்பது நாளில் ஏறத்தாழ 900 பக்கங்கள், அதாவது 23 ஜிபிக்குச் சற்று மேல், இரு இடங்களிலும் எழுதப்பட்டிருந்தன. மேலும் ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் தடுப்பதே அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே பயனுள்ள காரியம்.

நாஸ் டிஸ்க்குகளிலிருந்து மீட்பதா, யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து மீட்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அது ரெய்டு அடுக்கு எதுவும் இல்லாத தனி டிஸ்க். நாளுக்கு ஒருமுறை மட்டுமே எழுதப்படுவது. வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவும் எளிது. அதன்மேல் நேரடியாக எதையும் இயக்காமல், 2 டிபி முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு அச்சுப்போல் நகலெடுத்தேன். அதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மீட்பு வேலை முழுவதும் அந்த நகலின்மேலேயே நடந்தது.

காரணம்

நகலெடுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது ஆர்சிங்கின் பதிவேட்டைப் படித்தேன். அந்தத் திங்கட்கிழமை இரவு ரௌத்திரி ஃபோல்டரை நீக்கியதாக அதில் பதிவு இருந்தது. ஆனால் ரௌத்திரி கண்ணெதிரே நாஸில் இருக்கிறது. பதிவேடு தமிழ் எழுத்துகளை எழுத்தாகக் காட்டாமல் எட்டடிமான எண்களாக (0 முதல் 7 வரையான இலக்கங்களில்) எழுதியிருந்தது எரிச்சலாக இருந்தாலும், விடை அங்கேதான் கிடைத்தது. இருக்கும் ஃபோல்டரின் பெயரில் 'ரௌ' என்பதற்கு 6 பைட். நீக்கப்பட்ட ஃபோல்டரின் பெயரில் அதற்கு 9 பைட்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் ஆகும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியெண்ணாக எழுதுவது ஒரு விதம். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், ஔகாரக் கால் ஆகியவற்றைத் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டையும் ஒன்றெனவே கொள்ளச் சொல்கிறது. முதல் விதத்துக்கு என்எஃப்சி என்றும் இரண்டாம் விதத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். பேரன் பயன்படுத்திய மேக் கணினியின், எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறையில் அமைந்த டிஸ்க், நாம் எப்படித் தட்டச்சு செய்தாலும் கோப்புப் பெயரைப் பிரித்தே எழுதிவைக்கும். விண்டோஸில் ஆசிரியரின் விசைப்பலகை சேர்த்தே எழுதும். நாஸ் பெட்டியோ லினக்ஸில் இயங்குவது. அதற்குக் கோப்புப் பெயர் என்பது பைட் வரிசை மட்டுமே. 6 பைட்டும் 9 பைட்டும் அதற்கு வேறு வேறு பெயர்கள்.

பதினைந்து ஆண்டுப் பெயர்களை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் புதிர் விலகுகிறது. துன்மதி, அட்சய, பிரபவ, விபவ, சுக்கில போன்றவற்றில் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ இல்லை. அவற்றில் நிரல் பழைய ஃபோல்டரைச் சரியாகக் கண்டுபிடித்து, அடுத்த எண்ணிலிருந்து தொடர்ந்தது. ரௌத்திரி, ருத்ரோத்காரி, குரோதன, பிரமோதூத, பிரசோற்பத்தி ஐந்திலும் அக்குறிகள் உண்டு. நிரல் தேடியது, அதன் கணக்கில் அப்படியொரு ஃபோல்டர் இல்லை, புதிதாக உருவாக்கி 0001 என்று தொடங்கியது.

ஸ்ரீமுக மட்டும் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. ஓகாரமே இல்லாத பெயர் ஏன் இரட்டிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் தடுமாறினேன். அதன் காரணம் வேறு. 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம்; 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் தமிழுக்குச் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். ஆனால் இவற்றை ஒன்றெனக் கொள்ளும் விதி யூனிகோடில் கிடையாது. ஆகவே என்எஃப்சிக்கு மாற்றினாலும் இந்த இரட்டை சேராது. ஔகாரக் காலுக்குப் பதிலாக ளகரத்தையே தட்டும் வழக்கமும் நம்மிடம் பரவலாக உண்டு. அதுவும் இதே வகைதான், இந்த வீட்டில் அது நேரவில்லை என்பது நற்பேறு.

மீட்பு

அழிந்தவை ஆறு ஆண்டுகளின் கொழும்புக் கடை ஏடுகள், மொத்தம் 2,540 பக்கங்கள், ஏறத்தாழ 66 ஜிபி. சிங்கப்பூருக்குத் தொலைபேசியில் பேசியபோது, தொடக்கத்தில் சோதனைக்காக எடுத்த ரௌத்திரி ஏட்டின் 410 பக்கங்கள் மட்டும் பேரனின் மடிக்கணினியில் எஞ்சியிருந்தது தெரிந்தது. மீதி 2,130 பக்கங்களுக்கு யூஎஸ்பி டிஸ்க்கின் நகலே கதி.

அந்த டிஸ்க், லினக்ஸில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் அமைக்கப்பட்டது. அம்முறையில் கோப்பு நீக்கப்படும்போது, அதன் துண்டுகள் டிஸ்க்கில் எங்கெங்கே உள்ளன என்ற குறிப்பும் அழிக்கப்படுவதால், பெயரோடும் ஃபோல்டரோடும் மீட்பது பெரும்பாலும் இயலாது. எனவே ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலைக் காலி இடத்தில் மட்டும் தேடவிட்டேன். அது கோப்பு முறையைப் பொருட்படுத்தாமல், டிஃப் கோப்பின் தலைப்பு அடையாளம் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து உள்ளடக்கத்தை அள்ளித் தரும். பெயரைத் தராது. முழுமையாகத் திறந்த படங்களில், பேரனிடமிருந்து வந்தவற்றைக் கழித்தபின் 1,968 பக்கங்கள் தேறின. அவை எல்லாம் எந்த ஒழுங்கும் இல்லாத எண்களைப் பெயராகக் கொண்டு ஒரே குவியலாகக் கிடந்தன.

குவியலை வரிசையாக்குவதில் இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. டிஃப் கோப்பின் உள்ளேயே ஸ்கேன் செய்த தேதியும் நேரமும் பதிவாகியிருந்தன. கோப்பு முறை தரும் தேதி போய்விட்டாலும் இது போவதில்லை. அந்த நேரப்படி அடுக்கியதும் ஏடுகள் ஓரளவு தம் வரிசைக்கு வந்தன. ஆனால் பேரன் சில நாள்களில் விடுபட்ட பக்கங்களைப் பின்னால் தனியே எடுத்திருந்தார். அவற்றை இடம் சேர்க்க, பக்கத் தலைப்பில் இருந்த தமிழ் எண்களைப் படிக்க வேண்டியிருந்தது. எனக்கு ௧ முதல் ௰ வரை ஒருவாறு தெரியும். ௱ வந்ததும் தடுமாறுவேன். ஆச்சி திரைக்கு முன் நாற்காலி போட்டு அமர்ந்து, எண்களை மட்டுமல்லாமல் மாகாணி, காணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கங்களையும் (பின்னங்களையும்) படித்து, ஒரு பக்கத்தின் அடிக்கூட்டுத் தொகை அடுத்த பக்கத்தின் தலையில் வருகிறதா என்று சரிபார்த்தார். கடையை நடத்திய ஏஜென்ட் மாறும்போது கையெழுத்தும் மாறுவதை அவர்தான் எங்களுக்குக் காட்டினார். ஆசிரியர் அருகில் அமர்ந்து எண்ணிட்டார். இந்த வேலைக்கு மட்டும் பதினொரு நாள் ஆயிற்று.

எஞ்சிய 162 பக்கங்களில் 118 பக்கங்களின் மூல ஏடு பெட்டகத்தில் இருந்ததால் மீண்டும் ஸ்கேன் செய்யப்பட்டன. மீதி 44 பக்கங்கள், பங்காளி வீட்டிலிருந்து இரவலாக வாங்கி ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்த பிரமோதூத ஆண்டு ஏட்டைச் சேர்ந்தவை. அந்த வீடு இடைப்பட்ட காலத்தில் கைமாறி, சாமான்கள் பழம்பொருள் வியாபாரிகளிடம் போய்விட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் ஆசிரியர் இரண்டு முறை தேடினார், கிடைக்கவில்லை.

மாற்றியவை

பெயர்களை முதலில் சரிசெய்தோம். நாஸில் உள்ள எல்லாப் பெயர்களையும் கான்வ்எம்வி என்ற கருவியால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன். ஸ்ரீமுகவைக் கையால் திருத்தினேன். பேரன் தம் நிரலைத் திருத்தி, ஒப்பிடுமுன் இரு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் செய்தார். தமிழ்ப் பெயரையே விட்டுவிட்டு எண்களை மட்டும் வைக்கலாம் என்பது என் யோசனை. ஆச்சி அதை ஏற்கவில்லை: "வருஷத்துப் பேரில்லாம வெறும் நம்பர வச்சு நான் எதத் தேடுறது?" அறுபதாண்டுச் சுழற்சியில் குரோதன 1925-இலும் வரும், 1985-இலும் வரும் என்பதை நினைவூட்டியபின், '1925-குரோதன' என்று எண்ணை முன்னே வைக்க இசைந்தார். நிரல் இப்போது எண்ணை மட்டுமே பார்க்கிறது, பெயர் மனிதருக்கானது. உள்ளே உள்ள கோப்புகளுக்குக் கடை எண்ணும் பக்க எண்ணும் சேர்ந்த பெயர் வைத்ததால், இரு கடைகளின் 0001 இனி ஒன்றுபோல் தோன்றாது.

இரவு ஒத்திசைவில் நீக்கத்தை முழுவதும் எடுத்துவிடவில்லை. ஆனால் ஓர் இரவில் 25 கோப்புகளுக்கு மேல் நீக்க வேண்டியிருந்தால், ஆர்சிங்க் அதற்குமேல் நீக்காமல் பிழைக்குறியோடு முடியுமாறு வரம்பு வைத்தேன்; அந்தப் பிழை உடனே என் கைபேசிக்கு வரும். நீக்கப்படும் கோப்புகளும் உடனே அழியாமல், தேதியிட்ட தனி ஃபோல்டருக்கு நகர்ந்து 90 நாள் இருக்கும். இந்த வரம்பு அன்று இருந்திருந்தால், 2,540 நீக்கங்களில் 25 நடந்த இடத்திலேயே நின்று, திங்கட்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். நாஸை பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைக்கு மாற்றி, அந்நேர நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை நாளுக்கொன்றாக வைத்தேன். ஸ்கேன் முடிந்த ஆண்டுகளைப் படிக்க மட்டும் இயலுமாறு பூட்டினேன்.

யூஎஸ்பி டிஸ்க் இப்போது இரண்டு. ஒன்று நாஸில் இருக்கும்போது மற்றொன்று காரைக்குடியில் உறவினர் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மின்னிணைப்பே இல்லாத டிஸ்க்கில் எந்த நிரலும் எதையும் நீக்க முடியாது. வெளியே போகும் டிஸ்க்கை, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்ய வேண்டியிருந்தது. நாஸ் பெட்டி தந்த ஃபோல்டர் மறையாக்க முறையில் கோப்புப் பெயர் 143 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 47 குறிகளுக்குள் முடிந்துவிடும். சாதாரண எக்ஸ்ட்4 முறையில்கூட 255 பைட், அதாவது 85 குறிகளே. எனவே ஃபோல்டரை விட்டுவிட்டு டிஸ்க் முழுவதையும் மறையாக்கினோம்.

ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்துக்குக் கைரேகைபோல் அமையும் எஸ்எச்ஏ-256 மதிப்பு கணக்கிட்ட பட்டியல் ஒன்றும் இப்போது உண்டு. இரண்டு படங்கள் ஒன்றேதானா என்ற ஐயம் எழுந்தால் அளவையும் தேதியையும் பார்க்காமல் இந்த மதிப்பைப் பார்ப்பது என்று ஆசிரியரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அவர் ஐயம் கேட்டு அழைத்தால் அன்றே போவது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி.

ஆசிரியர் வேலையை விட்டுவிட நினைத்தார். ஆச்சி விடவில்லை. பினாங்குக் கடை ஏடுகள் தை மாதத்தில் முடிந்தன. அட்டவணையில் 1930-பிரமோதூத என்ற வரிசையில், கொழும்புக் கடைக்கு நேராக 44 பக்க எண்கள் படம் இல்லாமல் நிற்கின்றன. அந்த எண்களை வேறு எதற்கும் கொடுக்கவில்லை.